சலுகையா, பிழைத்திருத்தமா?

எனக்கு ஒரு விநோதமான பழக்கம் உண்டு. அமெரிக்காவில் நடக்கும் கல்வி அளவீட்டு மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பிடித்துப் படிப்பேன். பார்க்கிற வேலைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காரணம் பழையது. கல்லூரி நாட்களில், பார்வையற்ற மாணவர் ஒருவருக்குத் தேர்வில் 'சொல்வதை எழுதுபவராக' உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்விக்குப் படத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். படத்தை நான் வாயால் விவரிக்கலாமா? விவரித்தால் விடையே வெளியே வந்துவிடுமோ? கண்காணிப்பாளருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "விடுங்கண்ணா, அடுத்த கேள்விக்குப் போலாம்" என்றார் அவர். அன்று போன அந்த மதிப்பெண் எதை அளந்தது என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு மாநாடுகள். என்.சி.எம்.இ. என்ற கல்வி அளவீட்டுக் கழகத்தின் ஆண்டுக் கூட்டம் ஒன்று. மாநிலக் கல்வித்துறைத் தலைவர்களின் அமைப்பு நடத்தும் மாணவர் மதிப்பீட்டு மாநாடு இன்னொன்று. மாற்றுத்திறனாளி மாணவர்களின் தேர்வு பற்றி இரண்டிலுமே அமர்வுகள் இருக்கும். பெரும்பாலும் ஒரே அச்சுதான்: சில ஆய்வுரைகள், ஒரு கருத்துரையாளர், கடைசியில் கேள்விகளுக்குக் கொஞ்ச நேரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் இந்த மாணவர்களில் கணிசமானோரைப் பொதுத்தேர்வில் உட்காரவே வைக்கமாட்டார்கள். தேர்வில் இல்லாத பிள்ளை கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாத பிள்ளை என்ன படித்தது என்று யாரும் கேட்பதும் இல்லை. 1990ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய என்.சி.இ.ஓ. என்ற ஆய்வு மையம் இதைத் திரும்பத் திரும்ப எழுதியது. 1997ல் சட்டம் திருத்தப்பட்டது: மாநிலத் தேர்வுகளில் இவர்களையும் சேர்த்தாக வேண்டும். இன்று அமர்வுகளில் அலசுவதற்குத் தரவு இருக்கிறதென்றால், அந்தச் சண்டையால்தான்.

அப்புறம் என்ன பிரச்சினை? கேள்வி கேட்கிற திசைதான் பிரச்சினை.

கூடுதல் நேரம், பெரிய எழுத்து, வாசித்துக் காட்ட ஓர் ஆள் என்று ஒரு மாணவருக்கு எதைக் கொடுத்தாலும், அமர்வில் முதலில் எழும் சந்தேகம் இது: 'இதனால் இவருக்கு அநியாய லாபம் கிடைக்கிறதா?' இதைச் சோதிக்க ஒரு கருதுகோளே வைத்திருக்கிறார்கள். கொடுக்கிற உதவி குறைபாடு உள்ளவரின் மதிப்பெண்ணை மட்டும் உயர்த்த வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் ஒன்றும் மாறக்கூடாது. அப்போதுதான் அந்த உதவி செல்லும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2005ல் சிரெசி, ஸ்கார்பாட்டி, லி ஆகிய மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கூடுதல் நேரம் எல்லோருக்கும் உதவுகிறது, குறைபாடு உள்ளவர்களுக்கு இன்னும் அதிகமாக உதவுகிறது என்று தெரிந்தது. அப்படின்னா கருதுகோளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம் என்பது ஒரு முடிவு. ஆனால் அதே முடிவு இன்னொரு கேள்வியையும் எழுப்புகிறது: எல்லோருக்குமே நேரம் போதவில்லை என்றால், அந்த நேர வரம்பு எதற்கு?

என் தொழிலில் இதை வேறு மாதிரி பார்ப்போம். ஒரு படிவம் 5 நிமிடத்தில் டைம்-அவுட் ஆகிறது, பலரால் முடிக்க முடியவில்லை என்று புகார் வருகிறது. 'சிலருக்கு மட்டும் 10 நிமிடம் கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயமா?' என்று யாரும் கமிட்டி போடமாட்டார்கள். 5 நிமிடம் என்று வைத்தது யார், எதற்கு வைத்தார் என்றுதான் கேட்போம். பதில் இருந்தால் வரம்பு இருக்கும், இல்லையென்றால் போகும்.

அதற்காக எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. வாசிப்புத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தியைக் கணினி வாசித்துக் காட்டலாமா? நேப் என்ற தேசிய மதிப்பீட்டின் வாசிப்புத் தேர்வில் அதற்கு அனுமதி இல்லை. பல மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கிய ஸ்மார்ட்டர் பேலன்ஸ்டு தேர்வில், தேவை பதிவு செய்யப்பட்ட மாணவர்களுக்கு உண்டு. ஒரே பிள்ளைக்கு ஒரு தேர்வில் செல்லும், இன்னொன்றில் செல்லாது. எழுத்தைக் கூட்டி வாசிப்பதும் 'வாசிப்பு' என்பதில் சேர்த்தியா, பொருளைப் புரிந்துகொண்டால் போதுமா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதை மதிப்பெண் வந்தபிறகு புள்ளியியல் தீர்த்து வைக்காது. கேள்வித்தாள் எழுதுவதற்கு முன்பே தேர்வு வைப்பவர் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

புள்ளியியலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு கேள்வி ஒரு குழுவுக்கு மட்டும் பாதகமாக இருக்கிறதா என்று நம்பகமாகச் சொல்ல, வழக்கமாக அந்தக் குழுவில் சில நூறு பேராவது வேண்டும். பிரெயிலில் தேர்வு எழுதுபவர்கள் ஒரு மாநிலத்தில், ஒரு வகுப்பில் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இருக்கலாம். எனவே 'மாதிரி சிறியது, மேலும் ஆய்வு தேவை' என்று முடித்துவிடலாம். பொய் இல்லைதான். ஆனால் அடுத்த ஆண்டு அதே கேள்வித்தாள் அப்படியே இருக்கும்.

அமர்வு அறைக்கு வெளியே என்ன நடந்தது என்று பாருங்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வில் 'லாஜிக் கேம்ஸ்' என்று ஒரு பகுதி இருந்தது. யார் எந்த நாற்காலியில், யார் எந்த நாளில் என்கிற மாதிரி புதிர்கள். பலரும் படம் போட்டுத்தான் தீர்ப்பார்கள். பார்வையற்ற ஒருவர் 2011ல் வழக்குப் போட்டார். முதல் வழக்கு தோற்றது. பிறகு தேர்வு நடத்தும் அமைப்பின் மீதே வழக்கு. 2019ல் சமரசம்: நான்கு ஆண்டுக்குள் மாற்று வழியை ஆராய்வோம் என்றார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து அந்தப் பகுதியே இல்லை. அதை எடுத்தாலும் ஒட்டுமொத்த மதிப்பெண்ணில் பெரிய வித்தியாசம் வராது என்று சொன்னது தேர்வு நடத்தும் அமைப்பேதான்!

அப்போ இத்தனை வருடம் அது எதற்கு இருந்தது? 'பார்வையற்றவருக்கு எவ்வளவு கூடுதல் நேரம் கொடுக்கலாம்' என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது. 'இந்தப் பகுதி இங்கே ஏன் இருக்கிறது?' என்று கேட்க ஒரு தனிமனிதரும் 13 ஆண்டுகளும் தேவைப்பட்டன.

இந்தத் துறையின் அடிப்படை நூலான 'தேர்வுத் தரநிலைகள்' 1999 பதிப்பில் குறைபாடு உள்ளவர்களுக்கென்று தனி அத்தியாயம் இருந்தது. 2014 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, நியாயம் என்பதை எல்லோருக்குமான அடிப்படை அத்தியாயங்களில் ஒன்றாக வைத்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் நான் படித்த நிகழ்ச்சி நிரல்களில் இந்த அமர்வுகள் பெரும்பாலும் தனி அறையில்தான் நடக்கின்றன. தேர்வை வடிவமைப்பவர்கள் பக்கத்து அறையில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் போன சுவர், மண்டபத்தில் அப்படியே நிற்கிறது.

எனக்குப் பார்க்க ஆசையான அமர்வு ஒன்று உண்டு. தேர்வை உருவாக்கியவர் மேடையில் தன் கேள்வித்தாளை வைத்து, இந்த நேர வரம்பு ஏன், இந்தப் படம் ஏன், இந்த எழுத்தளவு ஏன் என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வை எழுதிய மாணவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். காரணம் சொல்ல முடியாதது அடுத்த ஆண்டுத் தாளில் இருக்கக்கூடாது.

நம்மூர் அறிவிப்புகளில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: 'சலுகை'. சலுகை என்றால் கொடுப்பவர் மனசு வைத்துக் கொடுப்பது, வாங்குபவர் நன்றியோடு வாங்கிக்கொள்வது. அந்தப் படக் கேள்வியில் பிழை கேள்வித்தாளில் இருந்தது. மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்தவர் அவர். யார் யாருக்குச் சலுகை காட்டினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.