தேசிய நாடகப் பள்ளி: பழவேற்காட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

தேசிய நாடகப் பள்ளி நடிப்புக்கும் நாடகக் கலைக்குமான இந்திய அரசு நிதியில் இயங்கும் பயிற்சி நிறுவனம். 1959-ல் டெல்லியில் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கப்பட்டு 1975-ல் தன்னாட்சி பெற்றது. மூன்றாண்டு பட்டயப் படிப்பே இதன் மையம்.

பயிற்சி முறை

1962 முதல் 1977 வரை இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காசி லண்டன் ராடா பள்ளியில் பயின்றவர். குரல், உடல், ஒளி, உடை, அரங்க அமைப்பு அனைத்தையும் நடிகர் அறிந்திருக்க வேண்டும் என்ற ஒழுங்கை அவர் நிலைநிறுத்தினார். பிறகு வந்த பி.வி. காரந்த் இசையையும் நாட்டார் வடிவங்களையும் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். ஆனாலும் வகுப்பிலும் மேடையிலும் இந்தியே முதன்மை மொழியாக நீடித்தது.

தமிழ்த் தொடர்பு

இப்பள்ளியில் பயின்ற சே. ராமானுஜம் 1977-ல் காந்திகிராமத்தில் நாடகப் பயிற்சிப் பட்டறையை முன்னின்று நடத்தினார். யூரிப்பிடிஸின் ட்ரோஜன் பெண்கள் நாடகத்தைத் தழுவிய அவரது 'வெறியாட்டம்' போரின் இழப்பை ஒப்பாரியின் வழியே சொன்னது. அதே 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, புரிசை கண்ணப்ப தம்பிரானின் தெருக்கூத்திலிருந்து நடிகருக்கான பயிற்சியை உருவாக்க முயன்றது.

மதிப்பீடு

இப்பள்ளியின் சாதனை ஐயத்திற்கு இடமற்றது. கேள்வி, அந்தப் பயிற்சி யாருக்கு எட்டுகிறது என்பது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய பழவேற்காடு ஏரியின் மீனவக் குப்பம் ஒன்றில் பிறந்த இளைஞர் இப்பள்ளியில் சேரப் பட்டப்படிப்பு, நாடக அனுபவம், இந்தி அறிவு ஆகியவை தேவை. இவை அனைத்தும் இருந்தாலும், நடிகரின் முதல் கருவியான பேச்சுமொழியை வாசலில் விட்டுவிட்டே அவர் உள்ளே செல்ல வேண்டும். தெலுங்கு கலந்த அந்த வட்டாரத் தமிழின் ஏற்ற இறக்கத்தை டெல்லியில் யாரும் திருத்தவும் முடியாது, வளர்க்கவும் முடியாது.

இழப்பு மொழியோடு நிற்பதில்லை. ஏரியில் 'பாடு' என்ற முறை உண்டு. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதை மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். நல்ல இடத்தை ஒருவரே பிடித்துவைக்க முடியாது. ஆனால் பாட்டில் உரிமை இல்லாத சமூகத்தினர் அந்த நியாயத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நாடகத்திற்கு இதைவிட வலுவான மோதல் தேவையில்லை. அதை நடிக்க வேண்டியவர் அந்தத் தண்ணீரில் நின்று பழகியவர்.

இதற்கு மறுப்பாக ரத்தன் தியாமைச் சுட்டலாம். இப்பள்ளியில் படித்துவிட்டு மணிப்பூர் திரும்பிய அவர் 1976-ல் இம்பாலில் தன் குழுவைத் தொடங்கி, மணிப்புரி மொழியில் உலகத்தரமான நாடகங்களை உருவாக்கினார். கற்றதை ஊருக்குக் கொண்டுசெல்ல முடியும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் ராமானுஜம், தியாம் இருவரும் திரும்பியது அவரவர் முடிவு. பள்ளியின் பாடத்திட்டம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

நாடகப் பள்ளி 'தேசிய' என்ற சொல்லுக்கு உரியதாக வேண்டுமானால், நுழைவுத் தேர்வின் இடங்களைக் கூட்டினால் மட்டும் போதாது. திருவிழா இரவுகளில் தெருக்கூத்து நடக்கும் ஊர்களுக்கு ஆசிரியர்கள் வந்து தங்கி, உள்ளூர்க் கூத்துக் கலைஞர்களுடன் சேர்ந்து, அங்குள்ள மொழியிலேயே பயிற்சி தர வேண்டும். காந்திகிராமப் பட்டறை அதற்கு முன்மாதிரியாக ஏற்கெனவே இருக்கிறது.