சத்திரமும் அமானும்

2025 மே 19 அன்று உச்சநீதிமன்றத்தில் ஒரு கருத்து வெளிப்பட்டது. உலகெங்குமுள்ள அகதிகளை ஏற்க இந்தியா ஒன்றும் தர்மசாலை அன்று என்பது அதன் சாரம். நீதியரசர்கள் தீபாங்கர் தத்தா, கே. வினோத் சந்திரன் ஆகியோர் அடங்கிய அமர்வு அது. தமிழ் நாளிதழ்கள் அச்சொல்லைத் 'தர்ம சத்திரம்' என்று பெயர்த்து வெளியிட்டன. சத்திரங்கள் நிறைந்த திருவண்ணாமலையில் வாழும் எனக்கு அச்சொல் உடனே கடந்துபோய்விடவில்லை.

வழக்கின் விவரம் அறியாமல் அக்கருத்தை விமர்சிப்பது முறையன்று. மனுதாரர் ஓர் இலங்கைத் தமிழர். 2015-இல் கைது செய்யப்பட்டு, சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2018-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏழாண்டாகக் குறைத்து, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டது. மனைவி மக்கள் இங்கே இருக்கின்றனர், திரும்பிச் சென்றால் உயிருக்கு ஆபத்து என்பது அவர் வாதம். குடியமரும் உரிமை 19-ஆம் பிரிவின்படி குடிமக்களுக்கே உரியது, வேறு நாட்டுக்குச் செல்லலாம் என்று கூறி அமர்வு மனுவை ஏற்க மறுத்தது. தண்டனை பெற்ற ஒருவர் பொருட்டு எழுந்த கருத்து அது; வாய்மொழியாகச் சொல்லப்பட்டது; தீர்ப்பின் நியாய விளக்கம் அன்று. இவை அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்த உவமை அந்த ஒரு மனிதரோடு நிற்கவில்லை. 'உலகெங்குமுள்ள அகதிகள்' என்ற சொற்றொடர் முகாம்களில் வாழ்வோர் அனைவரையும் தழுவிக்கொண்டது.

முதலில் உவமையையே எடுத்துக்கொள்வோம். சத்திரம் என்பது கேட்பாரற்ற திறந்த வெளி அன்று. அதைக் கட்டியவர் அறக்கட்டளை எழுதிவைத்தார். தங்கும் நாளுக்கு வரம்பு வைத்தார். பெரும்பாலும் சாதி வரம்பும் வைத்தார் (அதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை). ஆக, சத்திரத்துக்கும் சட்டம் உண்டு. யாரும் வரலாம், எவ்வளவு நாளும் இருக்கலாம் என்ற பொருளில் அச்சொல்லை ஆள்வோர் சத்திரத்தை அறியாதவர்கள். அதைவிட முக்கியமானது ஒன்று. முப்பது, நாற்பது ஆண்டுகள் தங்கியவரைச் சத்திரத்து விருந்தினர் என்று யார் சொல்வார்?

எங்கள் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 1983-க்குப் பின் அலை அலையாக வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு வாழ்கின்றனர். மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர். 2021-இல் தமிழக அரசு அவற்றுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் மாறினும் நிலை மாறவில்லை. 1987 ஜூலை 1-க்குப் பின் இந்த மண்ணிலேயே பிறந்த குழந்தைக்கும் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருந்தாலன்றிக் குடியுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியது நம் வாசகர் அறிந்ததே. இலங்கை அதன் நாட்டுப் பட்டியலிலேயே இடம்பெறாததால் இந்த இந்துத் தமிழரும் கிறித்தவத் தமிழரும் உடன் விலக்கப்பட்டனர் என்பதை நம் மேடைகள் போதிய அளவு பேசவில்லை.

இனி ஃபிக்ஹின் பக்கம் வருவோம். ஹிதாயாவில் 'முஸ்தஃமின்', அதாவது பாதுகாப்பு உறுதி பெற்று நாட்டினுள் வரும் அயலார் பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி வருகிறேன். அங்கு அயலாரின் உரிமை விருந்தோம்பலிலிருந்து பிறப்பதில்லை. அமானிலிருந்து, அதாவது கொடுத்த வாக்கிலிருந்து பிறக்கிறது. இவ்வேறுபாடு சிறிதன்று. விருந்தோம்பல் வீட்டுக்காரரின் பெருந்தன்மை; அவர் முகம் சுளித்தால் முடிந்தது. வாக்கு, கொடுத்தவரைக் கட்டும். மக்கா வெற்றியின்போது உம்மு ஹானீ (ரலி) அவர்கள் அளித்த பாதுகாப்பை நபி (ஸல்) அவர்கள் தமது பாதுகாப்பாகவே ஏற்றுக்கொண்டார்கள். ஒரு தனிப்பெண் கொடுத்த வாக்கு அரசையே கட்டியது.

அமானுக்கும் வரம்பு உண்டு. ஷாஃபிஈ நூல்கள் நான்கு மாதத்தைச் சொல்லும். எங்கள் பகுதியில் வழங்கும் ஹனஃபி மத்ஹபில் ஓராண்டு. ஆனால் ஆண்டு நிறைந்தால் என்ன ஆகும்? முழு ஆண்டு தங்கினால் ஜிஸ்யா விதிக்கப்படும் என்று முன்னரே அவருக்கு அறிவிக்க வேண்டும். அதன் பின்னும் தங்கினால் அவர் 'திம்மி' ஆகிறார். நாட்டின் நிரந்தர வாசியாகிறார். அந்த ஒப்பந்தத்தை ஆட்சியாளர் தம் விருப்பப்படி முறிக்க இயலாது. தங்கிய காலம் இங்கு அயலாரை உள்ளே கொண்டுவருகிறது. நம் சட்டத்திலோ காலம் எதையும் செய்வதில்லை. பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் லூயி தெ ராட் 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்தவர். அயலாருக்கு 21-ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு, தங்கிக் குடியமரும் உரிமை இல்லை என்று உச்சநீதிமன்றம் 1991-இல் அவர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐம்பதாண்டு ஓராண்டுக்கு ஈடாகவில்லை.

வெளியேற்றம் குறித்தும் ஒரு சொல். திருக்குர்ஆன் 9:6, பாதுகாப்புக் கோரி வந்தவர் இறைவாக்கைச் செவியுறும்வரை அடைக்கலம் தந்து, பின்னர் அவரை அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்கக் கட்டளையிடுகிறது. 'மஃமன்' என்பதே அங்குள்ள சொல். அவர் கேட்டதை ஏற்றாரா என்பது நிபந்தனை அன்று. அனுப்புவோர் மீது கடமை விழுகிறது. 'வேறு நாட்டுக்குச் செல்லலாம்' என்ற பதிலில் அந்த மஃமன் எங்கே இருக்கிறது? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ரோஹிங்கியா வழக்கில் 2021 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், 14, 21 பிரிவுகள் அனைவருக்கும் உரியவை எனினும் நாடு கடத்தப்படாதிருக்கும் உரிமை குடியமரும் உரிமையைச் சார்ந்தது, எனவே குடிமக்களுக்கே என்று கூறிவிட்டது. உயிருக்கான அச்சம் அவ்வாறு முகவரிப் பிரச்சினையாகச் சுருங்கியது.

கருத்துரிமையும் இதே 19-ஆம் பிரிவில்தான் அடைபட்டுள்ளது. 2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சென்னையில் நடந்த போராட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜெர்மானிய மாணவர் யாக்கோப் லிண்டன்தால் 1933 முதல் 1945 வரையிலான தம் நாட்டு அனுபவத்தை நினைவூட்டும் பதாகை ஏந்தி நின்றார். சில நாள்களில் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லப்பட்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் போலந்து மாணவருக்கும் அவ்வாறே நோட்டீசு வந்தது. கல்கத்தா உயர்நீதிமன்றம் 2020 மார்ச்சில் 21-ஆம் பிரிவைத் துணைக்கொண்டு அதை ரத்து செய்தது. அயலார் வாக்களிக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. தம்மை ஆள்வோரைத் தெரிவது குடிமக்கள் வேலை. பேசுவது வேறு. அந்தப் பதாகையால் ஜெர்மானியர்க்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அதைப் படிக்க வேண்டியவர்கள் நாம். வாயை அடைக்கும்போது கேட்பவரின் உரிமையும் சேர்ந்தே போகிறது. லண்டனில் பிறந்த ஆர்தர் ஆஸ்பர்ன், 1964 முதல் 1970-இல் மறையும்வரை எங்கள் ஊர் ரமணாசிரமத்திலிருந்து ஓர் ஆங்கில இதழையே நடத்தினார். ஊர் அதனால் கெட்டுவிடவில்லை. அவர் பேசியது ஆன்மிகம்தானே எனலாம். அரசுக்கு இனிமையான பேச்சுக்கு மட்டும் கதவு திறந்திருப்பதைத்தான் நான் குறை கூறுகிறேன்.

மறுபுறம், 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த அயல்நாட்டார் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, விருந்தினரைப் போற்றும் இந்நாட்டு மரபை நினைவூட்டியது. நாம் மகிழ்ந்தோம். இன்று மீண்டும் எண்ணிப் பார்க்கையில், அந்த 'அதிதி'யும் இந்தச் 'சத்திர'மும் ஒரே உவமையின் இரு முகங்களாகவே எனக்குப் படுகின்றன. இரண்டிலும் அயலார் நிற்பது வீட்டுக்காரரின் மனநிலையை நம்பி.

நம் தரப்பிலும் கணக்குப் பார்க்க வேண்டும். முஸ்தஃமினுக்கு உயிர், உடைமைப் பாதுகாப்புத் தந்த ஃபுகஹாக்கள் ஆட்சியை விமர்சிக்கும் உரிமையை அவருக்கென்று வகுக்கவில்லை. திம்மி நிலை சமநிலையும் அன்று. இவ்விதிகளை விரித்துரைத்த இமாம் சரக்ஸீ (ரஹ்), ஆட்சியாளருக்கு அறிவுரை கூறியதற்காகச் சிறைப்பட்டு, அங்கிருந்தே நூல்களைச் சொல்லி எழுதவைத்தார் என்பர். உள்நாட்டு அறிஞருக்கே அந்நிலை. இன்று நம் பிள்ளைகள் உழைக்கும் வளைகுடாவைப் பாருங்கள். பிணை நிற்றல் என்னும் பொருளுடைய 'கஃபாலா' என்ற ஃபிக்ஹுச் சொல், தொழிலாளியை முதலாளியோடு கட்டிவைக்கும் முறைக்குப் பெயராயிற்று. சில நாடுகள் அண்மைக் காலத்தில் அதைத் திருத்தியுள்ளன. எனினும் நாற்பதாண்டு அங்கு உழைத்த தமிழ் முஸ்லிம், வேலை முடிந்ததும் பெட்டியைக் கட்டுகிறார். ஹிதாயாவின் ஓராண்டு விதி அங்கும் எட்டவில்லை.

2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய குடியேற்றச் சட்டத்தின்கீழ் வெளியான ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்களித்தது. நல்லதே. இருப்பதற்காக இனித் தண்டனை இல்லை. இருப்பவர் யார் என்பதற்கு மட்டும் இன்னும் பெயரில்லை. பாடம் நடத்துகையில் ஒரு மாணவர் எழுந்து, முகாமில் பிறந்த என் நண்பனுக்கு ஆண்டு எப்போது நிறையும் ஹள்ரத் என்று கேட்டார். ஹிதாயாவில் விடை இருந்தது. அந்த ஊரில் அவன் குடியிருக்கவில்லை.