காட்டுக்கு என்ன வாடகை?

இங்கிலாந்தில் காடு என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் சொத்து. நாட்டின் பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மரக்காடு. அதிலும் பெரும்பகுதி தனியார் கையில். காடு என்றாலே வனத்துறை என்று பழகிய நமக்கு, ஐந்து ஏக்கர் காட்டைப் பத்திரம் பதிந்து வாங்கிக் கதவுக்குப் பூட்டும் போட்டு வைத்திருக்கலாம் என்பதே புதிதாக இருக்கும். அப்படியொரு காட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பணம் கட்டி, வார இறுதிகளில் போய்த் தார்ப்பாய் கட்டித் தூங்கி, தீ மூட்டிச் சமைத்து, பச்சை மரத்தில் கரண்டி செதுக்கிவிட்டு வருகிறார்கள். கத்தி, கோடரி, ரம்பம், கயிறு இவற்றோடு காட்டில் வசதியாக இருக்கத் தெரிந்துகொள்ளும் இந்தக் கலைக்கு புஷ்கிராஃப்ட் என்று பெயர். அதில் தேர்ந்தவரான ரே மியர்ஸின் பிபிசி தொடர்கள் அதை பிரிட்டனில் வீட்டுக் கூடம்வரை கொண்டுவந்தன.

காசு கொடுத்துக் காட்டைப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு நியாயமானதா, நிலைக்கக்கூடியதா? காடு, அதை உடையவர், வந்து தங்கும் குழு என மூன்று தரப்பையும் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இருவருக்கு லாபமாகி மூன்றாமவருக்குக் கேடானால் அது நல்ல ஏற்பாடு ஆகாது.

முதலில், குழுக்களுக்கு வேறு வழி இருக்கிறதா? அனேகமாக இல்லை. 2000-ம் ஆண்டின் கிராமப்புற நடமாட்டச் சட்டம் மலை, மேட்டுப் புல்வெளி, புதர்நிலம், பொதுநிலம் ஆகியவற்றில் கால்நடையாகத் திரியும் உரிமையைத் தந்தது. காட்டைப் பெரும்பாலும் அதில் சேர்க்கவில்லை. திரிய விட்ட இடத்திலும் கூடாரம் போடுவதையும் தீ மூட்டுவதையும் அந்த உரிமைக்குள் சேர்க்கவில்லை. டார்ட்மூர் பொதுநிலத்தில் மட்டும் 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் மக்கள் கூடாரம் போட்டுவந்தார்கள். அங்கு நிலம் வைத்திருக்கும் டார்வால் தம்பதியர் வழக்குத் தொடுக்க, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அப்படி உரிமை இல்லை என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை உறுதி செய்தது. பெரிய வெற்றிதான். ஆனால் டார்ட்மூர் பெரும்பாலும் திறந்த மேட்டுநிலம், அங்கே தீ மூட்டவும் தடை. புஷ்கிராஃப்டுக்கு வேண்டியவை மரமும் நெருப்பும். அரசுக் காடுகளிலும் குறித்த முகாம் இடங்களுக்கு வெளியே தங்க விடுவதில்லை. ஆக, மிஞ்சுவது தனியார் காட்டின் கதவு.

இந்த ஏற்பாட்டை எதிர்ப்பவர்களின் முதல் வாதம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டிய காட்டைச் சிலர் அடைத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு வாடகை கொடுப்பது அந்த அடைப்பை ஒப்புக்கொள்வதாகும் என்கிறார்கள். 1932-ல் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறிய நாளிலிருந்து தொடர்ந்து வரும் கோரிக்கை இது. எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் இந்த வாதம் நடப்பவருக்குப் பொருந்தும் அளவுக்கு, வெட்டி எரிப்பவருக்குப் பொருந்தவில்லை. நடந்து போகிறவர் காட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை. புஷ்கிராஃப்ட் குழு விறகை எடுக்கிறது, கம்பை வெட்டுகிறது, ஒரே இடத்தில் படுத்து மண்ணை இறுக்குகிறது. 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் தாராளமான நடமாட்ட உரிமை பெற்ற ஸ்காட்லாந்திலும் மரத்தை வெட்டும் உரிமை அதில் அடங்கவில்லை. அங்கேயே லோமண்ட் ஏரிக்கரையில் கூடாரக் கூட்டமும் தீத் தழும்பும் மிகுந்தபோது, 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை குறித்த பகுதிகளில் அனுமதிச்சீட்டு கட்டாயமானது. எனவே முதல் வாதத்தைப் பாதி ஏற்கலாம்: காட்டில் நடப்பதற்குக் காசு கேட்பது தவறு, காட்டிலிருந்து எடுப்பதற்கு அனுமதியும் ஈடும் கேட்பது நியாயம்.

அப்படியானால் ஈட்டை எந்தக் கணக்கில் வாங்குவது? ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் முடிவாகிவிடுகிறது.

வழக்கமான முறை, தலைக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு. கேட்க நேர்மையாக இருக்கும். கணக்குப் போட்டால்தான் கோளாறு தெரியும். தலைக்கு இரவு ஒன்றுக்குப் பத்து பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பேர் வெள்ளி மாலை வந்து ஞாயிறு மதியம் கிளம்பினால் இரண்டு இரவுக்கு 240 பவுண்டு. திட்ட அனுமதி இல்லாமல் ஒரு நிலத்தை ஆண்டுக்கு 28 நாள் தற்காலிகமாக வேறு காரியத்துக்குப் பயன்படுத்த இங்கிலாந்தின் விதி இடம் தருகிறது. வெள்ளி முதல் ஞாயிறு வரை காலண்டரில் மூன்று நாள். ஆக ஒன்பது வார இறுதிகள், 2,160 பவுண்டு. 2023 ஜூலையில் வந்த புதிய விதி, உள்ளாட்சிக்கு முன்கூட்டித் தெரிவித்தால் ஆண்டுக்கு 60 நாள், 50 கூடாரங்கள் வரை முகாம் நடத்த வழிவிட்டது. அதன்படி இருபது வார இறுதிகள், 4,800 பவுண்டு. ஆள் கூடினால் பணம் கூடும், நாள் கூடினால் பணம் கூடும். காடு தேயத் தேய உடையவர் வருமானம் ஏறுகிறது. எவ்வளவு நல்ல மனிதரானாலும் இந்தக் கணக்கு அவரைத் தவறான திசைக்கே இழுக்கும்.

அடுத்தது, ஆண்டுக்கு ஒரே தொகை. பெயர் குறித்த பன்னிரண்டு பேர் சேர்ந்து 1,500 பவுண்டு கட்டுகிறார்கள் என்றால் ஆளுக்கு 125. ஆறு முறை வந்தாலும் எட்டு முறை வந்தாலும் உடையவருக்கு அதே பணம். கூட்டத்தைக் கூட்டுவதில் அவருக்கு ஆதாயம் இல்லை. வருபவர்களுக்கும் அடுத்த மாதம் அதே இடத்தில்தான் படுக்கப் போகிறோம் என்ற எண்ணம் இருக்கும். எரித்த இடத்தை அப்படியே விட்டுப் போனால், திரும்பி வந்து அந்தச் சாம்பலைப் பார்ப்பதும் அவர்கள்தான். ஆனால் இந்த முறைக்கும் ஒரு நோய் உண்டு: பணம் கட்டியாச்சே, போய் அனுபவிப்போம் என்ற மனம். அதற்கு மருந்து, நாள் எண்ணிக்கையையும் ஆள் எண்ணிக்கையையும் ஒப்பந்தத்திலேயே கட்டிவிடுவது. 28 நாள் என்பது நிலத்துக்கான கணக்கு, குழுவுக்குக் குழு தனியாகக் கிடைப்பதன்று என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மூன்று குழுக்களுக்குத் தனித்தனியே 28 நாள் விற்கிற உடையவர் விதியை மீறுகிறார்; பிடிபட்டால் மூன்று குழுக்களும் வெளியே நிற்கும்.

மூன்றாவது வழி, கூட்டாகக் காட்டையே வாங்கிவிடுவது. கவர்ச்சியான யோசனை. ஆனால் சொந்தக் காடானாலும் அதே 28 நாள் விதி தொடரும் என்பது வாங்க நினைக்கும் பலருக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்துச் சட்டப்படி பத்திரத்தில் நான்கு பேருக்கு மேல் உடைமையாளராக நிற்கவும் முடியாது. மற்றவர்கள் அவர்களை நம்பி நிற்க வேண்டும். ஒருவர் பங்கைப் பிரித்துக் கேட்டால் நீதிமன்றம் விற்கச் சொல்லவும் கூடும். பொழுதுபோக்குக்காகச் சேர்ந்த நட்பு இந்தச் சுமையைத் தாங்குவது அரிது.

பணத்தை விட்டுக் காட்டுக்கு வருவோம். புஷ்கிராஃப்ட் சொல்லித்தருபவர் முதல் நாளே சொல்லும் பாடம்: தரையில் கிடக்கும் விறகை எடுக்காதே, அது நனைந்திருக்கும்; நின்றபடி செத்த மரத்தைத் தேடு. இங்கிலாந்தின் ஈரத்தில் அது சரியான பாடம். மணிக்கட்டு அளவுக் காய்ந்த தண்டை ஒடித்தால் சடக்கென்று முறியும், வளைந்தால் ஈரம். தீ பிடிப்பதற்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நின்றபடி செத்த மரம்தான் காட்டின் அரிய பண்டமும். மரங்கொத்தி பொந்து குடைவது அதில். வண்டின் புழு இரண்டு மூன்று ஆண்டு தின்று வளர்வது அதில். வௌவால் பட்டைக்குப் பின்னால் ஒடுங்குவதும் அதில். பன்னிரண்டு பேருக்கு இரண்டு நாள் தீ அணையாமல் எரிந்தால், சில வருகைகளுக்குள் முகாமைச் சுற்றி ஒரு வட்டம் துடைத்து வைத்ததுபோல் ஆகிவிடும். நல்லெண்ணம் உள்ள குழுவும் இதைச் செய்யும், ஏனென்றால் அவர்களுக்குக் கற்பித்த திறமையே அது.

வசந்தத்தில் காட்டுத் தரை முழுதும் நீலமாகப் பூக்கும் புளூபெல் இன்னொரு பலவீனமான இடம். அதன் இலை மிதிபட்டால் அந்த ஆண்டு கிழங்குக்குச் சேர வேண்டிய உணவு சேராது. தொடர்ந்து மிதித்த இடம் மீண்டு வர வருடங்கள் ஆகும். 1600-க்கு முன்பிருந்தே காடாக இருந்துவரும் நிலங்களை அங்கே தொன்மைக் காடு என்று தனியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அத்தகைய மண்ணைக் கெடுத்தால் மரம் நட்டு ஈடுகட்ட முடியாது.

இந்த இடத்தில் ஏற்பாடு தோற்றுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிடலாம். காட்டைப் பாதுகாக்க நினைப்பவர்கள் சிலர் எழுதவும் செய்வார்கள். அவர்கள் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் ஹேசல் மரக் காடுகள் பல நூற்றாண்டுகளாக ஏழு முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை அடியோடு வெட்டப்பட்டு, கரும்பு மறுதாம்பு போலக் கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்தவை. வெட்டிய பகுதியில் வெயில் விழும், பூச்செடி எழும், பட்டாம்பூச்சி வரும். அந்தக் கம்புக்கு இருபதாம் நூற்றாண்டில் சந்தை போனதால் பல காடுகள் வெட்டுவாரில்லாமல் இருண்டுவிட்டன. வேலை செய்யக் கையும் கொக்கி அரிவாளும் வேண்டும். கூலி கொடுத்துச் செய்தால் கட்டுப்படியாகாது. புஷ்கிராஃப்ட் குழுவோ அந்த வேலையைச் செய்ய ஆசைப்பட்டு வருகிற கூட்டம். குளிர்காலத்தில் ஒரு சிறு பகுதியை வெட்டி, கம்பைக் கூடாரத்துக்கும் கைவேலைக்கும் வைத்துக்கொண்டு, மீதியை ஓராண்டு அடுக்கிக் காயவைத்து அடுத்த ஆண்டு எரித்தால், நின்று செத்த மரத்தைத் தொட வேண்டியதே இல்லை. உரிமம் இல்லாமல் காலாண்டுக்கு ஐந்து கன மீட்டர் வரை வெட்ட வனச் சட்டம் பொதுவாக அனுமதிக்கிறது. ஒரு குழுவின் கைரம்பத்துக்கு அது ஏராளம். பறவை கூடு கட்டும் மாதங்களில் மட்டும் அரிவாளைக் கீழே வைத்துவிட வேண்டும். ஆக, குழு காட்டுக்குத் தரும் ஈடு வேலையாகவும் இருந்தால்தான் காட்டின் தரப்பு நிறைவேறுகிறது. வெறும் பணம் உடையவரின் வங்கிக் கணக்குக்குப் போகும், காட்டுக்குப் போகாது.

உடையவரின் தரப்பில் இரண்டு அச்சங்கள். ஒன்று, விபத்து. 2012-ல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆஷ் மரங்கள் நாடெங்கும் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. காற்றில்லாத இரவிலும் கிளை முறிந்து விழும். அனுமதித்து வரவழைத்தவர் மீது நியாயமான கவனம் எடுக்கும் கடமையை 1957-ம் ஆண்டுச் சட்டம் சுமத்துகிறது. காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு விடுபவர் அறிவிப்புப் பலகை வைத்து அந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. தொழிலாக நடத்துபவருக்கு, தன் அலட்சியத்தால் நேரும் மரணத்தையும் காயத்தையும் பொறுத்தவரை அந்த இடம் இல்லை. வாசலில் கையெழுத்து வாங்கும் பொறுப்புத் துறப்புக் கடிதம் அந்த விஷயத்தில் வெறும் தாள். பலர் இதைக் கட்டண ஏற்பாட்டுக்கு எதிரான வாதமாக வைக்கிறார்கள். நான் ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். குழு கொடுக்கும் பணம் முகாமுக்கு மேலே உள்ள மரங்களை ஆண்டுக்கொருமுறை விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்க்கவும், காப்பீடு எடுக்கவும் பயன்பட்டால், அது எதற்கான கட்டணம் என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைத்துவிடுகிறது.

இரண்டாவது அச்சம், நிலம் கைவிட்டுப் போகுமோ என்பது. தாளில் 'அனுமதி' என்று எழுதினாலும், அந்த இடத்தைத் தனக்கே உரியதாக ஆளும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால் அது குத்தகைதான் என்று 1985-ல் ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் வழக்கு நிலைநாட்டியது. அதற்கும் முன்பே, 1957-ல், ஒரு டென்னிஸ் மன்றத்துக்கு அனுமதி என்ற பெயரில் விட்ட மைதானத்தைக் குத்தகை என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், வணிகக் குத்தகைதாரருக்குரிய பாதுகாப்பையும் அந்த மன்றத்துக்குத் தந்தது. காட்டு முகாம் குழுவும் ஒரு மன்றம்தானே? எனவே சாவியைக் கொடுத்து 'ஆண்டு முழுதும் உங்களுக்கே' என்பது நட்பாகத் தெரிந்தாலும் இருவரையும் வம்பில் மாட்டும். தேதி குறித்த வார இறுதிகள், உடையவர் எப்போதும் உள்ளே வந்து வேலை செய்யும் உரிமை, இந்த இரண்டும் எழுத்தில் இருந்தால் அனுமதி அனுமதியாகவே நிற்கும். அந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கத்தியும் கோடரியும் பையில் வைத்துக்கொண்டு ரயிலில் போகிறவர் காவலரிடம் தக்க காரணம் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் நகல் அதற்குக் கைகொடுக்கும்.

குழுவின் தரப்புதான் கடைசிவரை பலவீனமாக நிற்கிறது. அனுமதி என்பது நிலத்தோடு போகாது. ஐந்து குளிர்காலம் ஹேசல் வெட்டிய குழு, காடு கைமாறினால் ஆறாவது குளிர்காலத்தில் வெளியே. புதிய உடையவருக்கு அவர்களிடம் எந்தக் கடப்பாடும் இல்லை. முன்னறிவிப்புக் காலம், கட்டிய பணத்தில் மீதியைத் திருப்பும் விதி, வெட்டி அடுக்கிய விறகை எடுத்துச்செல்லும் உரிமை இவற்றால் இழப்பைக் குறைக்கலாம், நீக்க முடியாது. கூடவே, ஆண்டுக்கு 125 பவுண்டும் கார் எரிபொருளும் செலவழிக்க முடியாதவர் இந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறார். குழு இரண்டு இடத்தைக் கட்டணமின்றி இளைஞர்களுக்கு ஒதுக்கலாம். அது பண்பாடு, உரிமை ஆகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. தலைக்கும் இரவுக்கும் காசு வாங்கி யாருக்கும் காட்டைத் திறந்துவிடும் முறை தேறாது. அதில் பணமும் காட்டின் நலமும் எதிரெதிராக இழுக்கின்றன. கூட்டாக வாங்குவது செலவு பெரிது, கேட்ட சுதந்திரமும் அதில் கிடைப்பதில்லை. பெயர் குறித்த சிறு குழு, ஆண்டுக்கு ஒரே தொகை, 28 நாளுக்குள் அடங்கும் தேதிகள், ஓரிரண்டு நிலையான தீயிடங்கள், நின்று செத்த மரத்தைத் தொடுவதில்லை என்ற விதி, குளிர்காலத்தில் வெட்டு வேலை, எழுத்தில் ஒப்பந்தம் என்று அமைந்தால் இந்த ஏற்பாடு தேறும். வெட்டுவாரில்லாமல் இருண்ட ஹேசல் காட்டில் இது தேறுவதற்கும் மேல். குழு வராத ஆண்டில் காடு மோசமாக இருக்கும். வெட்டுதலை வேண்டாத தொன்மைக் காட்டில், புளூபெல் தரையில், எவ்வளவு பணம் கொடுத்தாலும் கூடாது. பொது உரிமைக்கான போராட்டத்துக்கு இது மாற்றும் ஆகாது. டார்ட்மூர் தீர்ப்பைப்போல் நடக்கவும் தூங்கவுமான உரிமை நாளைக்குக் காடுகளுக்கும் வந்தாலும், வெட்டி எரிக்க வேண்டுபவர் உடையவரிடம் பேசியே ஆக வேண்டும். அந்தப் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது வாடகை எவ்வளவு என்பது அன்று. இந்தக் காட்டில் இந்தக் குளிர்காலத்தில் வெட்ட வேண்டிய இடம் எது என்பதுதான்.