இருவாச்சிக் கூட்டின் அடியில்

கோடை தொடங்கும் முன்பே ஆனைமலைக் காடுகளில் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்துவிடும். எச்சத்தையும் பழக்கழிவையும் குழைத்து வாயிலை அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று இடைவெளி மட்டும் மிஞ்சும். உள்ளே பறக்கும் சிறகுகளும் உதிர்ந்துவிடுவதால், ஆபத்து வந்தால்கூட உடனே பறந்துபோக முடியாது. மூன்று நான்கு மாதங்கள் அதற்கும் குஞ்சுக்கும் ஆண் பறவை கொண்டுவரும் அத்திப்பழம்தான் உயிர். அலகில் பழத்தோடு ஆண் கூட்டின் வாயிலில் வந்து தொற்றும் அந்தக் காட்சியைத்தான் மலையேறும் கேமராக்காரர்கள் எல்லோரும் விரும்புகிறார்கள். மரத்தடியில் ஐந்து பேர் நின்றால், பறவை எதிர்மரத்தில் இறங்கி நோட்டம் பார்க்கும், தயங்கும், சில வேளை திரும்பியும் போகும். அந்தத் தயக்கத்துக்கு உள்ளே இருப்பவை பசியால் விலை கொடுக்கின்றன. நமக்குக் கிடைக்கும் படத்தில் அந்தப் பசி தெரியாது.

அதற்காகக் காட்டுக்குள் கேமராவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், காட்டுப்பாதையில் கம்பி கட்டி, புலி தன் காலாலேயே இடறிப் படம் எடுத்துக்கொள்ளச் செய்தார். 1927-இல் அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. துப்பாக்கியால் மட்டுமே புலியை நெருங்கிய காலத்தில் அது பெரிய திருப்பம். நம் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், கறுப்பு வெள்ளைப் படச்சுருளோடு காடுகளில் அலைந்தவர். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். அவரிடம் படமும் எழுத்தும் ஒரே கவனிப்பிலிருந்து பிறந்தன.

நடந்துபோகிறவருக்கு ஜீப் சவாரியில் கிடைக்காத ஒரு வாய்ப்பும் உண்டு. ஜீப்பிலிருந்து யானையும் காட்டெருமையும் தெரியும். பட்டுப்போன கட்டையில் முளைத்த காளானும் ஓடைக்கல்லில் ஒட்டிய தவளையும் நடப்பவர் கண்ணில்தான் படும். கூடாரத்தில் இரவைக் கழித்தவருக்கு விடியலின் முதல் அரைமணி நேரமும் சொந்தம். பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி, செடிகொடி என்று அவர் எடுக்கும் சாதாரணப் படம், நாளும் இடமும் குறிக்கப்பட்டால், ஆய்வாளருக்கு நல்ல சான்று. அழகில் குறைந்த படம் அறிவில் நிறைந்திருக்கலாம்.

சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது. படத்தைச் சான்றாக்குவது இடம். விலங்கைக் காட்டிக்கொடுப்பதும் அதே இடம்தான். இதை உணர்ந்தே, இயற்கைப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளம், அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள் மங்கலாக்கிக் காட்டுகிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் லொக்கேஷன் அனுப்பிவிட்டால் அந்த ஏற்பாட்டுக்கு என்ன மதிப்பு? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மரத்தடியில் பத்து பேர் நிற்பார்கள். நட்சத்திர ஆமையும் அரிய ஆர்க்கிடும் என்றால், வருகிறவர்களில் எடுத்துப்போகிறவரும் இருக்கக்கூடும்.

தீங்கு இடத்தைச் சொல்வதோடு நிற்பதில்லை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவியைப் புதரிலிருந்து வெளியே இழுக்க, சிலர் கைபேசியில் அதன் குரலையே ஒலிக்கவிடுகிறார்கள். தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டதாக நம்பி அது இரை தேடுவதை விட்டுவிட்டு ஓடிவருகிறது. மழையிரவுகளில் மேக்ரோ லென்ஸோடு போகிறவர்களில் சிலர், தவளையைப் பிடித்து அழகான இலைமேல் உட்காரவைக்கிறார்கள். தோலாலும் சுவாசிக்கும் உயிர் அது. கையில் பூசிய கொசுவிரட்டிக் களிம்பு அதற்கு நஞ்சு.

2009-இல் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் வேலி தாண்டும் ஓநாயின் படம் முதல் பரிசு பெற்றது. ஓநாய் பழக்கப்பட்டதாகவே இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்ததும் மறு ஆண்டே பரிசு பறிக்கப்பட்டது. சரியான முடிவு. ஆனால் அந்த ஏமாற்றில் ஏமாந்தது பார்வையாளர். கூட்டை மறைத்த கிளையை வெட்டி எடுத்த படத்தில் பாதிக்கப்படுவது பறவை. முதல் குற்றத்தை நடுவர்கள் தேடிக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, பெரும்பாலும் படத்தில் தடயமே வைப்பதில்லை. இந்தக் கலையின் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

சட்டம் ஓரளவு விழித்திருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் 40 பாதைகளோடு அரசே மலையேற்றத் திட்டம் தொடங்கியது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம், சரணாலயத்தில் படமெடுக்க அனுமதி தரும்போது வாழிடத்தில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. நல்ல வரிகள். ஆனால் பாதையில் அவற்றை நிறைவேற்ற வேண்டியவர் வழிகாட்டி ஒருவர் மட்டுமே. “அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமா” என்று கையில் நோட்டைத் திணிக்கும் விருந்தினரிடம் அவர் எப்படி மறுப்பார்? அவரைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. கேட்டவர்தான் குற்றவாளி. கேரளத்தின் வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினரே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணிக்கிறார்கள். அவர்களுடைய அறிவை மதித்து, அவர்கள் நில் என்ற இடத்தில் நிற்பதே வெளியிலிருந்து போகிறவருக்கு அழகு.

நீண்ட லென்ஸ் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று பலரும் நம்புகிறார்கள். நான் நம்பவில்லை. 600 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருப்பவரும் இன்னும் பத்தடி முன்னால் போகவே பார்க்கிறார். அதனால் கூடுகளைப் பொறுத்தவரை நடுவழி எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆய்வுக்காக அனுமதி பெற்றவர் தவிர வேறு யாரும் கூட்டைப் படமெடுக்க வேண்டாம். போட்டிகளும் பத்திரிகைகளும் அத்தகைய படங்களை வாங்க வேண்டாம். நடக்கும்போது அப்படியொரு பொந்து உங்கள் கண்ணில் பட்டால், கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நிற்காமல் நடந்துவிடுங்கள். மேலே ஆண் பறவை பழத்தோடு காத்திருக்கும்.