முத்துமீனாட்சிக்குப் பிறகு

ஏரலுக்குச் சில மைல் தள்ளியிருக்கும் பெருங்குளத்தில்தான் அ. மாதவையா 1872-இல் பிறந்தார். விதவா விவாகத்தைச் சட்டம் 1856-லேயே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் 1892-இல் அவர் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' பாதியில் நின்றது. 1903-இல்தான் 'முத்துமீனாட்சி'யாகப் புத்தகமாயிற்று.

பால்ய விவாகம், மாமியார் கொடுமை, கைம்மை எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே தன் வாயால் சொல்கிறாள். நாவலின் பலம் அதுவே. முடிவில் மறுமணம் அவளைக் கரையேற்றுகிறது. சரி, மணக்க ஒரு நல்லவன் வராவிட்டால்?

இப்ஸனின் நோரா வீட்டைவிட்டு வெளியேறிய பின் அவள் கதி என்ன என்று சீன எழுத்தாளர் லூ சுன் 1923-இல் கேட்டார். கையில் காசு வேண்டும் என்றும் சொன்னார். மாதவையா அதுவரை போகவில்லை.

இன்று ஏரல் கடைத்தெருவில் சொந்தச் சம்பளத்தில் வளையல் வாங்குகிறவள், அவர் எழுதாத அத்தியாயத்தில் இருக்கிறாள்.