மிதியும் மொழியும்: கொச்சிச் சவிட்டு நாடகத் தமிழ் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்களில் கிறித்தவ இலக்கியம் என்னும் இயல் பெரும்பாலும் வீரமாமுனிவரின் தேம்பாவணியை மையமாகக் கொண்டே அமைகிறது. 1726ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்காப்பியம் புலமை மரபின் உச்சம் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆயினும் அதே கிறித்தவ மரபு தமிழில் வளர்த்த மற்றொரு கிளை, புலவர் அவைக்கு வெளியே, மீனவரும் கூலித் தொழிலாளரும் நடித்த மேடைகளில் வளர்ந்தது. கேரளக் கடற்கரையின் சவிட்டு நாடகம் அக்கிளையைச் சார்ந்தது. மலையாளம் பேசும் மக்கள், தாங்கள் முழுமையாகப் பொருள் உணராத தமிழ்ப் பாடல்களை, பலகை மேடை அதிர மிதித்து ஆடிப் பல தலைமுறைகளாகக் காத்து வந்துள்ளனர். மட்டாஞ்சேரியை உள்ளடக்கிய கொச்சிப் பகுதியைக் களமாகக் கொண்டு, இந்நாடகப் பனுவல்களின் தமிழை எவ்வளவுகோல் கொண்டு மதிப்பிடுவது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெயரும் பின்புலமும்

‘சவிட்டு’ என்னும் மலையாளச் சொல்லுக்கு மிதி, உதை என்பது பொருள். குமரி மாவட்டத் தமிழில் ‘சவட்டு’ என்பது இன்றும் மிதித்தல் என்னும் பொருளில் வழங்குகிறது. கலையின் பெயரே அதன் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. இங்கு நடிகன் பாடுகிறான், பேசுகிறான். அனைத்திற்கும் மேலாக மிதிக்கிறான். மரப்பலகைகளால் உயர்த்தி அமைக்கப்படும் மேடையே இதன் முதன்மைத் தாளக்கருவி. செண்டையும் இலத்தாளமும் அதற்குத் துணையாகின்றன.

போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் லத்தீன் கத்தோலிக்கரிடையே இக்கலை உருப்பெற்றது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. சிரியன் கிறித்தவரிடம் மார்க்கங்களி வழங்கியதைப் போல லத்தீன் கிறித்தவரிடம் சவிட்டு நாடகம் வழங்கியது. இப்பிரிவினை வெறும் கலைப்பிரிவினை அன்று. 1599இல் நடந்த உதயம்பேரூர் சங்கமும், 1653இல் மட்டாஞ்சேரியில் எடுக்கப்பட்ட கூனன் குரிசு உறுதிமொழியும் கேரளக் கிறித்தவத்தின் உள்முரண்களை வெளிப்படுத்தியவை. ரோமச் சபையின் மேலாண்மையை ஏற்ற கடலோர மக்களிடையே, ஐரோப்பியப் பேரரசர்களும் புனிதர்களும் கதைமாந்தராக வலம்வந்த நாடகங்கள் செல்வாக்குப் பெற்றதை இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். எனினும் 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரும் இக்கலை அழியவில்லை. ஆட்சியின் ஆதரவில் மட்டுமே நின்ற கலையாயின் அவ்வாட்சியோடு மறைந்திருக்கும். மக்கள் அதனைத் தமதாக்கிக் கொண்டனர் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் ஏன் வந்தது?

மலையாள நாட்டில் ஒரு கிறித்தவக் கலை தமிழைத் தேர்ந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆயின் அக்காலச் சூழலில் அது இயல்பே. தமிழில் அச்சான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே கிரிசித்தியானி வணக்கம் கொச்சியில் அச்சேறியது. அண்டிரிக் அடிகளார் பாண்டிக் கடற்கரையில் செய்த பணியின் விளைவாகிய இந்நூல்கள், கிறித்தவத்தின் சமய மொழியாகத் தமிழ் மேலைக் கடற்கரையிலும் அறியப்பட்டிருந்தமையைக் காட்டுகின்றன. இவற்றோடு, தமிழகத்திலிருந்து வந்த அண்ணாவிமாரே இந்நாடகங்களை இயற்றிப் பயிற்றினர் என்னும் மரபுச் செய்தியையும் இணைத்துப் பார்க்க வேண்டும். காறல்மான் சரிதத்தை இயற்றியவராகச் சின்னத்தம்பி அண்ணாவியை மரபு போற்றுகிறது.

‘அண்ணாவி’ என்னும் சொல் இங்கு முதன்மைச் சான்றாகிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூத்துப் பயிற்றுபவர் அண்ணாவியார் எனப்படுகிறார். கட்டியக்காரன், விருத்தம், களரி ஆகியனவும் இரு நிலத்திற்கும் பொது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாடகங்களுள் ஒன்று எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம். ‘எம்பரதோர்’ என்பது பேரரசனைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சொல்லின் தமிழ் வடிவம். அங்கு எம்பரதோர், இங்குச் சார்லமேனின் பெயர் காறல்மான். பாண்டிக் கடற்கரை, மன்னார், யாழ்ப்பாணம், கொச்சி ஆகிய நான்கையும் ஒரே கத்தோலிக்கக் கடல்வெளியாகக் கொண்டு ஆராய்ந்தாலன்றி இந்நாடகங்களின் தமிழ் விளங்காது. மாநில எல்லைகளும் நாட்டு எல்லைகளும் பிற்காலத்தவை.

‘சிதைந்த தமிழ்’ என்னும் தீர்ப்பு

சவிட்டு நாடகம் பற்றிய முதல் விரிவான வரலாற்று நூலை ஸபீனா ராஃபி 1964இல் மலையாளத்தில் வெளியிட்டார். கோதுருத்தைச் சார்ந்த அவரது முயற்சி, மறைந்துகொண்டிருந்த கலைக்கு அறிஞருலகின் கவனத்தைப் பெற்றுத் தந்தது. கதைமாந்தர், அரங்கு, ஆசான் மரபு ஆகியவை குறித்து மலையாளத்தில் பின்னரும் எழுதப்பட்டுள்ளன. மொழி குறித்த பகுதி வரும்போது மட்டும் பல எழுத்துகள் ‘தமிழும் மலையாளமும் கலந்த சிதைந்த மொழி’ என்னும் ஒற்றைத் தொடரோடு நகர்ந்துவிடுகின்றன. தமிழ்ப் புலத்தாரோ பெரும்பாலும் அத்தொடரையும் எழுதவில்லை.

இத்தீர்ப்பு இருவேறு நிலைகளை ஒன்றாகக் குழப்புகிறது. ஒன்று, ஆட்டத்தின் பொருட்டு நேர்ந்த மாற்றம். மற்றொன்று, படியெடுப்பில் நேர்ந்த பிழை. இவ்விரண்டையும் பிரித்தறிவதே பனுவல் ஆய்வின் முதற்படி.

முதலாவதைக் காண்போம். மிதி ஒரு தாள அலகு. பாடலடியின் சீர் அம்மிதியோடு பொருந்தியாக வேண்டும். குறில் நெடிலாக நீள்வதும், அசைநிலைகள் பெருகுவதும், ஒரு சொல் இரு மிதிகளுக்கிடையே பிளவுபடுவதும் அதனால் நிகழ்பவை. ஏட்டில் வைத்து அசை பிரிப்பவருக்கு இவை யாப்புக் குற்றங்களாகத் தோன்றும். ஆனால் பாடல் ஏட்டிற்காக எழுதப்படவில்லை. செய்யுளில் அளபெடையை ஓசை நிறைக்கும் உறுப்பாக இலக்கணம் ஏற்கிறது. அவ்வாறிருக்க, காலின் ஓசையை நிறைக்க நீளும் உயிரை மட்டும் பிழை எனல் பொருந்தாது. அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன் ஆகியோரை அடுத்தடுத்து நிறுத்தி, அரங்கின் அளவையும் கூறிய மரபு நம்முடையது. பாட்டு, ஆட்டம், அரங்கு மூன்றும் ஒன்றையொன்று அளப்பன என்பது அங்கேயே உணர்த்தப்பட்டுவிட்டது.

இரண்டாவது வேறு வகையினது. தமிழ்ப் பாடல்கள் பிற்காலத்தில் மலையாள எழுத்தில் படியெடுக்கப்பட்டன. தமிழில் ககரம் ஒன்றே இடத்திற்கேற்ப வல்லோசையும் மெல்லோசையும் பெறும். மலையாள எழுத்தில் அவற்றிற்குத் தனித்தனி வரிவடிவங்கள் உண்டு. ஆகவே படியெடுப்பவர் ஒவ்வோரிடத்திலும் ஓர் ஒலியைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. சொல்லின் பொருள் அறிந்தவர் சரியாகத் தேர்வார். அறியாதவர் பழகிய மலையாளச் சொல்லின் திசையில் தேர்வார். அடுத்த படியில் அப்பிழை புதிய சொல்லாகவே நிலைபெறும். இவை உண்மையான சிதைவுகள். இவற்றைக் கலையின் அழகு என்று போற்ற வேண்டியதில்லை. மூலத்தை மீட்க முயல வேண்டும். தாளம் நீட்டிய சொல்லைத் திருத்தினால் நாடகம் கெடும். படியெடுப்புப் பிழையைத் திருத்தாவிடில் பொருள் கெடும். பதிப்பாசிரியருக்கு இவ்வேறுபாடு தெளிவாக வேண்டும். ஆட்டத்தைக் காணாமல் ஏட்டை மட்டும் கொண்டு இதனைப் பதிப்பித்தல் இயலாது என்பது இதன் வழிப் பெறப்படுகிறது.

பொருள் உணராத அவை

அவையோருக்குப் பாடலின் மொழி முழுதும் விளங்காத நிலையில் நாடகம் எவ்வாறு நாடகமாகிறது? கொச்சியின் வேலிப் பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வண்ணார் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்குத் தமிழ் அன்றாடப் பேச்சு. அதே நகரின் சவிட்டு மேடையிலோ தமிழ் எவருடைய பேச்சுமன்று. அரசரும் புனிதரும் பேசும் உயர்மொழி. விளங்காமையே அம்மொழிக்கு ஒரு மேன்மையைத் தந்துவிடுகிறது. லத்தீன் வழிபாட்டைப் பொருளறியாமலே பக்தியுடன் கேட்டுப் பழகிய அவைக்கு இது புதிதன்று.

மேலைநாட்டிலும் இதற்கொப்ப ஒரு நிலையைக் காணலாம். அமெரிக்காவில் 1990களில் வளர்ந்த கிறித்தவ ஹார்ட்கோர் இசைக்குழுக்கள் தொண்டை கிழியும் ஓலத்தில் விசுவாசத்தைப் பாடின. கலிபோர்னியாவில் 1993இல் தோன்றிய டூத் அண்ட் நெய்ல் நிறுவனமும், 1997இல் அதன் கிளையாக எழுந்த சாலிட் ஸ்டேட் நிறுவனமும் அத்தகைய குழுக்களை ஒப்பந்தம் செய்து இசைத்தட்டுகள் வெளியிட்டன. அங்கும் சொல் கேட்போருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. உடலின் அதிர்வே முதலில் சென்று சேர்கிறது. இது வழிபாடா, கேளிக்கையா என்னும் ஐயம் அவர்களையும் பின்தொடர்ந்தது. வேறுபாடு ஒன்றுண்டு. அவர்களுடைய இரசிகர் இசைத்தட்டின் உறையில் அச்சான பாடலைப் படித்துப் பொருள் தெளியலாம். சவிட்டு நாடக இரசிகருக்கு அத்தகைய அச்சுப்படி கையில் இல்லை. சொல்லும் ஓசையும் பிரிந்து நிற்கும் கலைக்கு நம்பகமான பனுவல் எத்துணை இன்றியமையாதது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகிறது.

காறல்மானும் எதிரியும்

பொருளை மீட்டால் எதிர்கொள்ள வேண்டிய இடர்ப்பாடு ஒன்றும் உண்டு. காறல்மான் கதை துருக்கரோடு பொருத கிறித்தவப் பேரரசனின் கதை. போர்ச்சுகீசியர் சென்ற பிற இடங்களிலும் இப்பேரரசன் மேடையேறினான். ஆப்பிரிக்கக் கடலில் உள்ள சான் டோமே தீவில் ‘சிலோலி’ என்னும் நாடகம் சார்லமேனின் அவையில் நிகழும் ஒரு வழக்கினைச் சித்திரிக்கிறது. அங்கு மேலோங்குவது நீதி; மகனேயாயினும் குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்னும் கோரிக்கையே நாடகத்தின் உயிர். கொச்சியில் மேலோங்குவது போர். ஒரே வேந்தன் இரு கரைகளில் இருவேறு பொருள் பெற்றான்.

இசுலாமியர், யூதர், கொங்கணியர், குசராத்தியர் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்ந்துவந்த மட்டாஞ்சேரி போன்ற ஊருக்கு அருகில் இப்போர்க்கதை ஆடப்படுவதைத் திறனாய்வு கண்டும் காணாமல் செல்லலாகாது. கதையின் சார்பு வெளிப்படையானது. ஆயினும் அரங்கமைதி அச்சார்பைச் சற்றே தளர்த்துகிறது. எதிரி வேந்தனுக்கும் கொலுவுண்டு, ஒளிரும் உடையுண்டு, வீரம் பேசும் பாடலுண்டு. வலிமையான எதிரியின்றிப் போர்மிதி சிறக்காது. சொல் ஒருவனைத் தாழ்த்த, மிதி அவனை நிகராக நிறுத்துகிறது. இம்முரணே இந்நாடகத்தின் மிக உயிர்ப்பான கலைக்கூறு எனலாம்.

இன்றைய நெருக்கடி

முற்காலத்தில் காறல்மான் சரிதம் பதினைந்து இரவுகள் வரை தொடர்ந்து ஆடப்பட்டதாகக் கூறுவர். பகலில் வலையும் சுமையும் தூக்கியவர் இரவில் ஆசானிடம் மாதக்கணக்கில் பயின்று அரங்கேறினர். ஊர்த் திருவிழாவும் தேவாலய முற்றமுமே அவர்களின் புரவலர். இன்று நிலை மாறியுள்ளது. சவிட்டு நாடகம் 2013இல் மலப்புறத்தில் நிகழ்ந்த கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் போட்டிக்கலையாக இடம்பெற்றது. இதனால் நூற்றுக்கணக்கான மாணவர் இக்கலையைப் பயில்கின்றனர், மாணவியரும் ஆடுகின்றனர், ஆசான்மாருக்கு வருவாய் கிட்டுகிறது. இவை மறுக்கவியலாத நன்மைகள்.

ஆயின் போட்டி மேடை அளிப்பது அரைமணி நேரத்திற்கும் குறைவு. விரைந்த மிதியும் போர்க்காட்சியும் நடுவரை ஈர்ப்பதால் அவை நிற்கின்றன. விருத்தமும் நீண்ட உரையாடலும் உதிர்கின்றன. உதிர்வது பெரும்பாலும் தமிழே. அயல்நாட்டுப் பயணிகளுக்கான நிகழ்ச்சிகளிலும் இதுவே நிகழும். ஆடுவோரை இதற்குக் குறைகூறுதல் முறையன்று. எவர் மேடை தருகிறாரோ அவர் கலையின் நீளத்தையும் வடிவத்தையும் வரையறுக்கிறார். திருச்சபை புரவலராக இருந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. இன்று புரவலர் மாறியுள்ளார். சுருக்கப்பட்ட வடிவம் ஆடப்படுவதால் கேடில்லை. அதற்கு மூலமாகிய முழுப்பனுவல் எங்கும் எஞ்சாமற் போவதே கேடு.

முடிவுரை

சவிட்டு நாடகத் தமிழைத் தேம்பாவணியின் தமிழோடு நிறுத்தித் தாழ்த்துதலும், நாட்டார் கலை என்பதால் ஆராயாமலே உயர்த்துதலும் ஒரே புறக்கணிப்பின் இருமுகங்கள். ஆட்டத்தால் நேர்ந்த மாற்றத்தையும் எழுத்தால் நேர்ந்த பிழையையும் பிரித்துணரும் பதிப்பே இன்றைய தேவை. அதற்குச் சுவடியும் வேண்டும், அதனைப் பாடி மிதித்துக் காட்டும் ஆசானும் வேண்டும். ஏடு இருந்து ஆசான் மறைந்தால் சொல் நிற்கும், அதன் நீளம் தெரியாது. ஆசான் இருந்து ஏடு மறைந்தால் மிதி நிற்கும், அதன் பொருள் தெரியாது. இரண்டும் இருக்கும்போதே தமிழ்த்துறைகள் மலையாளத் துறைகளோடும் ஈழத்து ஆய்வாளரோடும் இணைந்து இப்பணியை மேற்கொள்ளுதல் வேண்டும். பொருள் தெரியாத நிலையிலும் மற்றொரு மொழியினர் காத்துத் தந்த தமிழ் இது. அதன் பொருளை அவர்களுக்கு மீட்டளிப்பது தமிழ்ப் புலத்தின் கடன்.