உபாதானமும் உகப்பும்: பிராட்டியின் திருமேனியைத் தேர்தலும் பேணுதலும்

கமண்டலநாக நதிக்கரையில் அமைந்த ஆரணி பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். அங்கே தறியும் பூஜை மாடமும் ஒரே கூடத்தில் அமைந்த வீடுகள் உண்டு. அத்தகைய மாடங்களில், பாட்டி காலத்திலிருந்து ஆராதிக்கப்பட்டு வரும் சிறிய பித்தளை மஹாலக்ஷ்மி திருமேனிகளைக் காணலாம். புளியிட்டுத் தேய்த்துத் தேய்த்துத் திருமுகம் மழுங்கியவை அவை. இவற்றைக் குறித்து இரண்டு வகைப் பேச்சு வழங்குகிறது. 'பித்தளை ஆகாது, பஞ்சலோகமே வேண்டும்; தேய்ந்ததை மாற்றிவிட வேண்டும்' என்பது ஒன்று. 'அர்ச்சையில் உபாதானத்தைப் பார்க்கலாகாது என்று பூர்வர்கள் விலக்கியிருக்க, எந்த வடிவாயிருந்தால் என்ன, எப்படி வைத்திருந்தால் என்ன' என்பது மற்றொன்று. முன்னது உலோகத்தை மிகையாக மதிக்கிறது. பின்னது ஆசார்ய வசனத்தைக் குறையாக வாசிக்கிறது. இவ்விரண்டும் பொருந்தாமையைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், உபாதானத்தை ஆராய்வது தாயைச் சோதிப்பதற்கு ஒப்பான குற்றம் என்னும் கருத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் இதனைத் தனித்துச் சொல்லவில்லை. பாகவதர்களின் பிறப்பை ஆராய்வதாகிய அபசாரத்தைப் பேசும் இடத்தில், அதன் கொடுமையை உணர்த்தவே அர்ச்சையின் உபாதான நினைவை எடுத்துக்காட்டுகிறார். இது என்ன உலோகம் என்று எண்ணுவதே குற்றமாயிருக்க, இவன் என்ன குலம் என்று எண்ணுவது அதனிலும் கொடிது என்பதே அங்கே திருவுள்ளம். ஆகவே அவ்வாக்கியத்தின் பாரம் முழுதும் பாகவத விஷயத்தில் நிற்கிறது. ஒரு நெசவாளர் இல்லத்துக்குச் சென்று, 'உங்கள் வீட்டில் பித்தளைதானா?' என்று கேட்பவர் ஒரே கேள்வியில் இரண்டு அபசாரங்களையும் செய்துவிடுகிறார். உலோகத்தின் தரத்தைக் கேட்கும் குரலில் பல சமயம் உடையவரின் தரத்தைக் கேட்கும் குரலும் கலந்தே இருக்கிறது. இந்த இடத்தை அர்ச்சா விஷயமாக மட்டும் எடுத்தாளும் நம்மவர் கட்டுரைகள் சில, அதன் கூர்மையான பாதியை விட்டுவிடுகின்றன.

இங்கு ஒரு சங்கை. உபாதானத்தை எண்ணலாகாது என்றால், வாங்கும்போது ஆராய்வதும் குற்றமாகாதோ? ஆகாது. விலக்கு, எழுந்தருளியிருக்கும் திருமேனியைக் குறித்தது. எழுந்தருளப் பண்ணுவதற்கு முன்னுள்ள நிலையைக் குறித்ததன்று. ஸ்வாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் வடிவமைத்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றியபின் உலோகத்தை வார்க்கிறார்கள். வார்ப்பில் புரை விழுந்ததா, அங்கங்கள் அளவில் அமைந்தனவா என்று பார்ப்பது அவர்கள் கடமை, கொள்வோர்க்கும் உரிமை. ஆகமங்கள் த்ரவ்யத்தையும் அளவையும் விரித்துரைப்பது அந்த நிலைக்காகவே. எழுந்தருளப் பண்ணிய பின்போ அந்த ஆராய்ச்சிக்கு இடமில்லை.

அப்படியாயின் தேர்வில் முதன்மையாகப் பார்க்கத்தக்கது எது? உலோகமன்று, வடிவம் எதைச் சொல்கிறது என்பதே. எம்பெருமானோடு எழுந்தருளும் உபய நாச்சிமாரில், அவன் வலப்பக்கத்து ஸ்ரீதேவி மார்புக்கச்சையோடு தாமரை ஏந்தியவள். இடப்பக்கத்து பூதேவி கச்சையின்றி நீலோத்பலம் ஏந்தியவள். தனிக்கோயில் நாச்சியார் பத்மாஸனத்தில், மேலிரு திருக்கைகளில் தாமரையும் கீழிரு திருக்கைகளில் அபய வரதமுமாக எழுந்தருளியிருப்பாள். 1894-இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் தேவதைகளின் படங்களை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பிற்காலத்து நாட்காட்டிப் படங்களில் தாயாரின் கையிலிருந்து பொற்காசு சொரிவது பெருவழக்காயிற்று. இன்று கடைகளில் அவ்வடிவமே விக்ரஹமாகவும் கிடைக்கிறது.

காசு சொரியும் வடிவம் தவறு என்பது எம் கருத்தன்று. குறைவுடையது என்பதே கருத்து. பராசர பட்டர் ஸ்ரீகுணரத்ன கோசத்தில், அஞ்ஜலி ஒன்றையே செய்தவனுக்கு ஐச்வர்யத்தையும் கைவல்யத்தையும் பரமபதத்தையும் தந்துவிட்டு, இவனுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று நாணி நிற்பவளாகப் பிராட்டியை அனுபவிக்கிறார். காசு சொரியும் கை அம்மூன்றில் முதலாவதை மட்டும் காட்டுகிறது. அந்த நாணத்தையோ காட்டவேயில்லை. அபயக்கை அப்படியன்று. சிறையிருந்த காலத்தில் க்ருபையும், காட்டுக்கு அனுப்பப்பட்டபோது பாரதந்த்ர்யமும், பூமியில் புக்கபோது அநந்யார்ஹத்வமும் வெளிப்பட்டன என்று ஸ்ரீவசனபூஷணம் காட்டும் புருஷகார குணங்கள் எல்லாம் அஞ்சேல் என்னும் அந்த ஒரு கையில் அடங்கும்.

தாயாரைத் தனியே எழுந்தருளப் பண்ணலாமோ என்பது அடுத்த வினா. அவனை விட்டு அவளை விரும்பிய ராவணனும், அவளை விட்டு அவனை விரும்பிய சூர்ப்பணகையும் பட்டதைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். தனிக்கோயிலிலும் அவள் அவனுடைய திருமதிலுக்குள்ளேயே இருக்கிறாள். முதலில் அவளைச் சேவித்துப் பின்பு அவனைச் சேவிக்கும் முறையே புருஷகாரத்தை நடையில் காட்டுகிறது. இல்லத்தில் ஸாளக்ராமமோ, பெருமாள் திருவுருவப் படமோ அருகே இருந்தால் இக்குறை தீரும். அளவைப் பொறுத்தவரை, நாள்தோறும் குறைவின்றித் திருவாராதனம் நடத்த இயலும் அளவே அளவு.

இனிப் பேணுதல். திருமஞ்சனத்துக்கு ஸ்நபந பேரத்தையும், புறப்பாட்டுக்கு உத்ஸவ பேரத்தையும் ஆகமங்கள் வேறு வேறாக விதித்தன. அவ்வேற்பாட்டால் மூலத் திருமேனி தேய்மானத்திலிருந்து காக்கப்படுகிறது. திருவரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனியாகையால் திருமஞ்சனமின்றித் தைலக்காப்பே சாத்தப்படுகிறது. ஆக, உபாதானத்தை இழிவாக எண்ணாமை வேறு. உபாதானத்தின் இயல்பறிந்து கைங்கர்யம் செய்வது வேறு. பின்னது அபசாரமன்று, பரிவு.

இல்லத்திலும் அப்பரிவே வேண்டும். புளியும் செங்கல் பொடியும் களிம்போடு உலோகத்தையும் சிறிது சிறிதாகக் கரைத்தும் அரித்தும் எடுப்பவை. ஸ்தபதி திறந்த திருக்கண்கள் மழுங்குவது அதனாலேயே. பாலும் தயிரும் மடிப்புகளில் தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். ஆகவே திருமஞ்சனத்துக்குப்பின் தூய நீரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஈரம் போக ஒற்றிய பின்னரே வஸ்த்ரம் சாத்த வேண்டும். ஈரத்தின்மேல் பட்டைச் சாத்தினால் திருமேனிக்கும் கேடு, ஜரிகைக்கும் கேடு. இதை ஆரணியில் சொல்ல வேண்டியதில்லை. பட்டின் இயல்பை அறிந்த கைகள் அவை.

தேய்ந்த திருமேனியை மாற்றலாமோ? அங்கம் முறிந்தால் செய்யத்தக்கவற்றை ஆகமங்கள் கூறும். ஆனால் ஆராதித்த கை பட்டுத் தேய்ந்தது பின்னமன்று. கலாபத்துக்குப்பின் 1371-இல் நம்பெருமாள் திருவரங்கம் மீண்டபோது, இடையில் எழுந்தருளப் பண்ணிய மூர்த்தி ஒருவரும் அங்கே இருந்தார். பழைய பெருமாள் யார் என்பதை, ஈரவாடையின் பரிமளத்தைக் கொண்டு முதிய வண்ணான் ஒருவர் உணர்ந்து சொன்னதாகக் கோயிலொழுகு கூறும். அவரை அடையாளம் காட்டியது உலோகப் பரீக்ஷையன்று; திருப்பரிவட்டத்தை நெடுங்காலம் கையாண்ட ஒருவரின் கைங்கர்யமே. இடையில் வந்தவரும் விலக்கப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்தோடு இன்றும் அங்கே எழுந்தருளியிருக்கிறார்.

பழைய பட்டுப்புடவையை ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கி உருக்குவோர் உண்டு. நெய்தவன் அதைக் கண்டால் மனம் வருந்துவான். தறியில் தான் இருந்த நாள்களை அந்த எடை கணக்கில் கொள்வதில்லை. மழுங்கிய பித்தளைத் தாயாரைப் பழம் பாத்திரங்களோடு தராசில் ஏற்றுவதும் அவ்வாறே. அடியார் உகந்த வடிவையே தன் வடிவாகக் கொள்பவன் எம்பெருமான் என்பது பொய்கையாழ்வார் காட்டிய வழி. பாட்டி உகந்த வடிவு அது. புதிய திருமேனி வேண்டுமென்று தோன்றினால் பழையதன் அருகே எழுந்தருளப் பண்ணுவதே உசிதம். பழையதை அகற்றுவது உசிதமன்று.